நூறு மாறினால் தட்டு

பெங்களூர்
18.06.2007

பார்த்திபனுக்கு,

ஆலை வாசலிலேயே உங்கள் செல்போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நான்கு நாளாக நீ எடுக்கவில்லை. அதனால் காகிதம். கல்லூரியில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதும்போது என் முதல் பத்தியை நீ எப்போதும் அடித்துவிடுவாய். இந்த முறை அதை நானே அடித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்.

எனக்கு எண்கள் வேண்டும்.

இங்கே என் குழு ஒரு சின்ன ப்ராசஸர் செய்கிறது. கணக்குப் போடும் பகுதி வேகமானது, நினைவகமும் பெரியது. இரண்டுக்கும் நடுவிலுள்ள பாதைதான் குறுகல். பொன்னேரி ரயில்வே கேட் மூடியதும் இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்குமே, அப்படி. எண் வந்து சேரட்டும் என்று ப்ராசஸர் முக்கால்வாசி நேரம் சும்மா நிற்கிறது. பாதையை அகலமாக்கினால் விலை ஏறும். அதனால் பாதையில் போகும் எண்களைச் சுருக்குகிறோம். அது என் வேலை.

புள்ளி வைத்த எண், அதாவது ஃப்ளோட்டிங் பாயிண்ட் எண், ஒவ்வொன்றும் முப்பத்திரண்டு பிட். அதில் எட்டு பிட் அந்த எண் எவ்வளவு பெரியது என்று சொல்லும், மிச்சம் அதன் நுணுக்கம். பக்கத்துப் பக்கத்து எண்கள் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தால், பெரிய பகுதியைத் திரும்பத் திரும்ப அனுப்புவது வீண். பதினாறு எண்களை ஒரு கட்டாகக் கட்டுகிறேன். முதல் எண் மட்டும் முழுசாகப் போகும். மற்ற பதினைந்துக்கும் முதல் எண்ணிலிருந்து எவ்வளவு வித்தியாசம் என்பது மட்டும் போகும். அறுபத்து நான்கு பைட் முப்பத்து நான்காகிறது.

நான் கற்பனை எண்களை வைத்துச் சோதித்துக் காட்டினேன். குழுத் தலைவர் வரதன் சிரித்துவிட்டார். நிஜமான ஓர் இடத்திலிருந்து எண் கொண்டுவா என்கிறார். இது முதலில் போகப்போவது இரும்பு உருக்கும் உலைகளுக்கு. எனக்குத் தெரிந்த ஒரே உலை உன்னுடையது.

ஷஹனாஸ்


கும்மிடிப்பூண்டி
02.07.2007

ஷஹனாஸுக்கு,

உலை என்னுடையது இல்லை. என் அடையாள அட்டையில்கூட ஆலையின் பெயர் கிடையாது, கான்ட்ராக்டர் பெயர்தான். திருவாலங்காட்டில் என் அப்பா நான் கம்பெனியில் இன்ஜினியர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் திருத்துவதில்லை.

எண் இருக்கிறது. போன வருஷம் உலைச் சுவரின் முதுகில் நாற்பத்தெட்டு இடத்தில் சென்சார் பதித்து, ஒரு பழைய கம்ப்யூட்டரோடு இணைத்தார்கள். அது வினாடிக்கு வினாடி எழுதுகிறது. யாரும் பார்ப்பதில்லை. நிரம்பினால் அழிப்பது என் வேலை. பதினான்கு நாள் எண்களைக் குறுந்தகட்டில் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். இங்கே பிரௌசிங் சென்டரில் அனுப்ப உட்கார்ந்தேன். மூன்று மணி நேரத்தில் நூற்றுக்கு நான்கு போயிற்று, பிறகு கரன்ட் போயிற்று. உன் பாதை குறுகல் என்கிறாய். வந்து என் பாதையைப் பார்.

அந்தச் சுவர் ஏன் முக்கியம் என்று உன் வரதனுக்குத் தெரியுமோ தெரியாதோ, நீ தெரிந்துகொள். உள்ளே உருகிய இரும்பு, ஆயிரத்து அறுநூறு டிகிரி. சுவர் அரை முழம்கூடக் கிடையாது. சுவருக்கு வெளியே செம்புக் குழாய்ச் சுருள், அதற்குள் தண்ணீர் ஓடுகிறது. சுவரில் ஒரு விரல் அளவு ஓட்டை விழுந்து இரும்பு தண்ணீரைத் தொட்டால் கூரை பறக்கும். அதனால் சுவரின் முதுகு எவ்வளவு சுடுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பிருந்து அதைப் பார்ப்பவர் அப்பாவு என்று பொதட்டூர்பேட்டைக்காரர் ஒருவர். உலைக்குக் கீழே குழியில் நாலு முள் மீட்டர் இருக்கிறது. அதைப் படித்து மேலே பானல் அறைக்குக் கத்துவார்.

இதைக் கேள், உன் தொழில்தான். சுவர் எப்போதும் நூற்றி எண்பது, நூற்றித் தொண்ணூறில்தான் இருக்கும். அந்தச் சத்தத்தில் நூற்றி எண்பத்து மூன்று என்று முழுசாகக் கத்தினால் தொண்டை போய்விடும். அதனால் அவர் நூறைச் சொல்வதில்லை. "எம்பத்தி மூணு, எம்பத்தி அஞ்சு" என்று கடைசி இரண்டு இலக்கம் மட்டும். நூறு மாறி இருநூறைத் தாண்டினால்? கையில் ஒரு கம்பி வைத்திருப்பார். மேடையைத் தாங்கும் தண்டவாளத்தில் ஓங்கி ஒரு தட்டு. அதற்குப் பிறகுதான் எண். தட்டு கேட்டால் பானலில் இருப்பவன் யோசிக்கக் கூடாது, உலையின் கரன்ட்டை நிறுத்த வேண்டும். நான் சேர்ந்த முதல் நாள் அவர் எனக்குச் சொன்ன ஒரே விஷயம் இதுதான். "நம்பரு தப்பா கேட்டா பரவால்ல நைனா. தட்னது கேக்காத பூட்டா ஊட்டுக்குப் போவ மாட்ட."

பார்த்திபன்


பெங்களூர்
20.08.2007

பார்த்திபனுக்கு,

உன் எண்கள் பட்டுத்துணி போல இருக்கின்றன. பதினான்கு நாளிலும் ஒரு கட்டுகூட உடையவில்லை. முதல் எண்ணிலிருந்து பதினாறு டிகிரி வரை ஏறியோ இறங்கியோ இருந்தால் என் முறையில் அடங்கும். உன் சுவரில் எதுவும் ஆறைத் தாண்டவே இல்லை. வரதன் குழுவில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். நான் சேர்ந்து பதினோரு மாதத்தில் அவர் என் பெயரைச் சரியாக உச்சரித்தது அன்றுதான்.

அப்பாவுவின் தட்டைப் பற்றி ஒரு வாரம் யோசித்தேன். கட்டுக்குள் அடங்காத எண் வந்தால் அதைத் தனியே முழுசாக அனுப்புவதற்கு ஓர் அடையாளம். அழகான யோசனை. ஆனால் சில கட்டு சின்னது, சில கட்டு பெரியது என்றால் நினைவகத்தில் எது எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டும். ப்ராசஸர் சில்லில் அதற்கு இடம் வேண்டும், நேரம் வேண்டும். பதினான்கு நாளில் ஒரு முறைகூட வராத ஒன்றுக்காக இடம் கேட்டால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். அதனால் வித்தியாசம் பதினாறு டிகிரியைத் தாண்டினால் பதினாறிலேயே நிறுத்தும்படி எழுதியிருக்கிறேன். தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

நல்ல செய்தி: எங்கள் ப்ராசஸர் பொருத்திய மாதிரி போர்டு ஒன்றை உங்கள் ஆலைக்கு இலவசமாகக் கொடுக்க நிறுவனம் ஒத்துக்கொண்டது. நாற்பத்தெட்டு சென்சாரிலிருந்து சுவர் முழுவதற்கும் ஆறாயிரம் புள்ளியின் சூட்டை வினாடிக்கு ஒரு முறை கணக்கிட்டுத் திரையில் காட்டும். சுருக்காமல் செய்தால் அதே ப்ராசஸருக்கு இரண்டு வினாடி ஆகிறது.

இனி நம் கடிதத்தையும் இந்த முறையில் எழுதலாம். மாறியது மட்டும். எழுதாதது எல்லாம் முன்பு போலவே இருக்கிறது என்று பொருள்.

ஷஹனாஸ்


கும்மிடிப்பூண்டி
10.12.2007

ஷஹனாஸுக்கு,

மாறியவை: போர்டு வந்து மூன்று வாரமாக ஓடுகிறது. திரையில் சுவர் படமாகத் தெரிகிறது, பச்சையும் மஞ்சளுமாக. ஷிஃப்ட் இன்சார்ஜ் சுப்பிரமணி வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுகிறார், அவர் பெற்ற பிள்ளை போல.

குழியில் ஆள் தேவையில்லை என்று நிர்வாகம் முடிவு செய்துவிட்டது. ஷிஃப்ட்டுக்கு ஒருவர் குறைந்தார். அப்பாவுவை மேலே உலைக்குள் ஸ்க்ராப் இரும்பு போடும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். கம்பியை ஸ்டோரில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவர் என்னிடம் வந்து கேட்டார்: "இன்னா நைனா, நான் கத்துனா நாலு பேரு திரும்புவான். உம் பொட்டி கத்துமா?" கலர் மாறும் என்றேன். அவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு போனார்.

உங்கள் காகிதத்தில் இது சோதனை போர்டு, இதை மட்டும் நம்பக் கூடாது என்று இருக்கிறது. அந்தக் காகிதம் சுப்பிரமணியின் மேஜை டிராயரில் இருக்கிறது. மற்றதெல்லாம் முன்பு போல.

பார்த்திபன்


கும்மிடிப்பூண்டி
22.02.2008

ஷஹனாஸ்,

மாறியது என்று தலைப்பு போட எனக்கு மனசில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபத்தேழுக்கு உலைச் சுவர் உடைந்தது. இரும்பு தண்ணீரைத் தொட்டது. கூரைத் தகடு இரண்டு பறந்தது. அப்பாவு ஸ்க்ராப் மேடையிலிருந்து குழிப் படிக்கட்டுக்கு வந்து நின்றிருந்தார். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் வெந்துவிட்டன. கீழ்ப்பாக்கத்தில் தீக்காய வார்டில் இருக்கிறார். காலை எடுக்காமல் பார்க்கிறோம் என்கிறார்கள்.

உடைவதற்கு ஏழு நிமிடம் முன்னால் அவர் தட்டினார். தண்ணீர் குடிக்க இறங்கியவர் பழைய பழக்கத்தில் முள் மீட்டரைப் பார்த்திருக்கிறார். ஒரு முள் முந்நூறைத் தாண்டி நின்றதாம். கம்பிதான் ஸ்டோரில் இருக்கிறதே. கையில் கிடைத்த ஸ்க்ராப் துண்டால் தண்டவாளத்தில் அடித்தார். எல்லோருக்கும் கேட்டது.

திரையில் நூற்றித் தொண்ணூற்று எட்டு. வெறும் மஞ்சள்தான், சிவப்புக்கு ஒரு படி முன்னால்.

இப்போது நிர்வாகத்தின் அறிக்கை வந்துவிட்டது. திரையின் பதிவுப்படி சுவர் நன்றாக இருந்ததாம். அதனால் வெடிப்பு மேலிருந்துதான் வந்திருக்க வேண்டுமாம். மேலே ஸ்க்ராப் போட்டவர் அப்பாவு. ஈர ஸ்க்ராப்பைக் கவனிக்காமல் போட்டார், பிறகு பயந்து இரும்பைத் தட்டிக் கூச்சல் போட்டார் என்று எழுதியிருக்கிறார்கள். வெந்தது அவர் கால், பழியும் அவர் மேல். சாட்சி யார் தெரியுமா? உன் போர்டு. ஒரு மனிதன் பதினெட்டு வருஷம் பார்த்த முள்ளை விட, பெங்களூரில் ஏசி அறையில் உட்கார்ந்து நீ சுருக்கிய எண்ணுக்கு மதிப்பு அதிகம்.

உன் பட்டுத்துணியை எடுத்துப் பார். அதில் எங்கே பொத்தல் என்று எனக்குச் சொல்.

பார்த்திபன்


பெங்களூர்
28.02.2008

பார்த்திபனுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அப்பாவுவைப் பற்றி எழுத எனக்குச் சொல் கிடைக்கவில்லை, அதனால் எழுதவில்லை.

ஏசி அறையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. நான் இந்த அறைக்கு வருவதற்குப் பழவேற்காட்டில் என் வாப்பாவோடு எட்டு மாதம் பேசாமல் இருந்தேன். வலைக்கயிறு கடையில் கணக்கு எழுதி, அவர் சொன்ன இடத்தில் நிக்காஹ் முடித்திருந்தால் உனக்கு இந்த போர்டும் வந்திருக்காது. நான் விளையாட்டாக எதையும் செய்யவில்லை.

போர்டு சொன்னபடிதான் நடக்கும். பதினாறு டிகிரிக்கு மேல் போனால் நிறுத்தும் என்று உனக்கு ஆகஸ்டிலேயே எழுதினேன். கையேட்டில் நாற்பத்தொன்றாம் பக்கத்திலும் ஒரு வரி இருக்கிறது. நீ கொடுத்த பதினான்கு நாளில் ஒரு சென்சார்கூட ஆறைத் தாண்டவில்லை. அதை நம்பித்தான் எழுதினேன். முள் முந்நூறைத் தொடும் சுவர் அந்தப் பதினான்கு நாளும் அவ்வளவு அமைதியாக எப்படி இருந்தது? எனக்கு இது புரியவில்லை, பார்த்திபா. நீ பதில் சொல்.

போர்டில் ஒரு நினைவக அட்டை செருகியிருக்கிறது. யார் கைக்கும் போவதற்கு முன்னால் அதை அப்படியே நகல் எடுத்து அனுப்பு.

ஷஹனாஸ்


கும்மிடிப்பூண்டி
06.03.2008

ஷஹனாஸுக்கு,

நகல் இதோடு இருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில். நான் உனக்கு அனுப்பியது தொடர்ச்சியான பதினான்கு நாள் இல்லை. நாற்பது நாளிலிருந்து பொறுக்கிய பதினான்கு. இங்கே ஒரு வழக்கம் உண்டு. உலை சரியாகப் போகாத நாளைக் கெட்ட ஹீட் என்பார்கள். அதை லாக் புக்கில் விட்டுவைப்பதில்லை. இருந்தால் கான்ட்ராக்டருக்குக் கேள்வி வரும், கான்ட்ராக்டர் எங்களைக் கேட்பான். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு அடுத்த நாளிலிருந்து தொடங்குவோம். எல்லா ஆலையிலும் அப்படித்தான். கம்ப்யூட்டரிலும் நான் அப்படியே பழகிவிட்டேன். யாரும் சொல்லவில்லை. பெங்களூரில் நீங்கள் பார்க்கும்போது எங்கள் ஆலை அசிங்கமாகத் தெரியக் கூடாது என்று நினைத்தேன். விட்டுவிட்ட இருபத்தாறு நாளில் பதினோரு நாள் அப்பாவு தட்டிய நாள்.

இன்னொன்றும் இருக்கிறது. போன கடிதத்தில் அதை எழுதவில்லை. அன்று பானல் அறையில் உட்கார்ந்திருந்தவன் நான். தட்டு எனக்குக் கேட்டது. கை சுவிட்சுக்குப் போனது. சுப்பிரமணி, "ஸ்க்ரீன்ல இன்னா காட்டுது?" என்றார். நூற்றித் தொண்ணூற்று எட்டு சார் என்றேன். "அப்ப ஓட்டு" என்றார். நான் கையை எடுத்துவிட்டேன். யோசிக்கக் கூடாது என்று அப்பாவு எனக்குச் சொல்லியிருந்தார். நான் யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்பாவுவின் மனைவி மணியம்மாள் வராந்தாவில் இருந்தார். ஈர ஸ்க்ராப் என்று ஆலையில் சொல்வது அவர் காதுக்கு வந்துவிட்டது. என் சட்டையைப் பிடித்து உலுக்குவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார். "அவரு தட்னாராமே தம்பி. நீ கேக்கலியா?"

கேட்டது என்று சொன்னேன். 

பார்த்திபன்


பெங்களூர்
19.03.2008

பார்த்திபா,

பொத்தல் கிடைத்துவிட்டது. உனக்குப் புரியும்படி எழுதுகிறேன். தொழிற்சாலை ஆய்வாளரின் விசாரணையில் இதை நீயும் சொல்ல வேண்டியிருக்கும்.

அட்டையில் பிப்ரவரி பத்தொன்பதாம் தேதியை எடுத்துக்கொண்டேன். நாற்பத்தெட்டு சென்சார் என்றால் மூன்று கட்டு. மூன்றாவது கட்டில் ஏழாவது எண். காலை பத்து நாற்பத்தேழு வரை அது சாதாரணமாக ஆடுகிறது: முதல் எண்ணை விட இரண்டு டிகிரி கூட, இரண்டரை கூட, ஒன்றே முக்கால் கூட. அதற்குச் சற்று முன்னால் எட்டு, பதினொன்று என்று ஏறுகிறது. பத்து நாற்பத்தேழுக்குப் பிறகு ஆட்டம் நின்றுவிடுகிறது. முதல் எண் ஏறுகிறது, இறங்குகிறது. ஏழாவது எண் அதை விடச் சரியாகப் பதினாறு கூட, கடைசிப் பிட் வரைக்கும் ஒரே வித்தியாசம். அடுத்த வினாடியும் பதினாறு. அதற்கடுத்த வினாடியும். நாற்பது நிமிடம், இரண்டாயிரத்து நானூறு வினாடி, ஒன்றில்கூட மாற்றமில்லை. அதற்குப் பிறகு பதிவே இல்லை.

சூடான சுவர் அவ்வளவு ஒழுங்காக நடக்காது. அங்கே நிஜமான எண் என்னவென்று யாராலும் இனிச் சொல்ல முடியாது, நான் அதைத் தூக்கியெறிந்துவிட்டேன். ஆனால் தூக்கியெறியப்பட்டது என்பதை நிரூபிக்க முடியும். சுவரில் ஓட்டை விழுவது என்றால் பதினைந்து இடம் குளிர்ச்சியாக இருக்கும்போது ஒரே ஓர் இடம் மட்டும் கொதிப்பது. என் முறை மற்ற பதினைந்தோடு ஒத்துப்போகச் சொல்லி அந்த ஒன்றின் வாயை அடைத்துவிட்டது. எதைப் பார்ப்பதற்காக போர்டு வைத்தோமோ, சரியாக அதை மட்டும் காட்டாத போர்டு. அந்த வரியை எழுதியது நான். கோப்பின் தலையில் என் பெயர் இருக்கிறது.

உன் கெட்ட ஹீட் நாட்கள் இருந்திருந்தால் எனக்கு ஆகஸ்டிலேயே தெரிந்திருக்கும். அது உன் பங்கு, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தட்டைப் பற்றி நீ ஜூலையிலேயே எழுதினாய். நான் அழகான யோசனை என்று பாராட்டிவிட்டு ஒதுக்கினேன். அது என் பங்கு.

வரதனிடம் காட்டினேன். கதவைச் சாத்தச் சொன்னார். நாற்பத்தொன்றாம் பக்கம் நம்மைக் காப்பாற்றும், நீ எதுவும் எழுதிக் கொடுக்காதே, நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்றார். நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்றால் அப்பாவு மாட்டிக்கொள்வார் என்று பொருள். நான் கத்தவில்லை. என் மேஜைக்கு வந்து அந்த அடையாளத்தைச் செய்து பார்த்தேன். கட்டின் தலையில் ஒரே ஒரு பிட். அடங்காத எண் வந்தால் அந்தப் பிட் ஒன்றாகும், அந்தக் கட்டு முழுவதும் சுருங்காமல் வேறோர் இடத்துக்குப் போகும். கெட்ட நாளிலும் வேகத்தில் நூற்றுக்கு இரண்டுதான் போகிறது. இடமில்லை, நேரமில்லை என்று நான் சொன்னேனே, அது இந்த இரண்டுக்குத்தான்.

விசாரணைத் தேதி தெரிந்ததும் எழுது. என் கையெழுத்தோடு அறிக்கை தயாராக இருக்கும்.

ஷஹனாஸ்


கும்மிடிப்பூண்டி
24.04.2008

ஷஹனாஸுக்கு,

மாறியவை: விசாரணை மே மாதம் பன்னிரண்டாம் தேதி, திருவள்ளூரில். அப்பாவுவின் வலது கால் பிழைத்துவிட்டது. இடது காலில் பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

கான்ட்ராக்டர் என்னை அறைக்கே வந்து பார்த்தான். "உனுக்கு இன்னாத்துக்குப்பா இந்த பேஜாரு? ஸ்க்ரீன் காட்னத நீ சொன்ன, அவ்ளோதான உன் வேல" என்றான். கெட்ட ஹீட் நாட்களை அழித்ததை நான் விசாரணையில் சொல்லப் போகிறேன் என்றேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான். எனக்கு இனி இந்த சிப்காட்டில் எந்த வாசலும் திறக்காது. பரவாயில்லை.

நீ வராதே. அறிக்கையைத் தபாலில் அனுப்பு, போதும். உன் வேலை போனால் பழவேற்காட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். அதை வாங்க நீ என்ன கொடுத்தாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஏசி அறை என்று எழுதியதை அடித்துவிடு.

பார்த்திபன்


பெங்களூர்
05.05.2008

பார்த்திபா,

தபாலில் வந்த காகிதத்தை டிராயரில் போட்டுவிடுவார்கள். நீயே எழுதினாய், சுப்பிரமணியின் டிராயரைப் பற்றி.

வருகிறேன். விடுப்பு கேட்டேன், மறுத்துவிட்டார்கள். விளக்கம் கேட்டு ஒரு மெமோவும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். வாப்பாவுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.  அவர், "திருவள்ளூருக்கு எத்தனை மணிக்கு வரணும்?" என்று மட்டும் கேட்டார்.

ஷஹனாஸ்


திருவாலங்காடு
02.06.2008

ஷஹனாஸுக்கு,

இந்தக் கடிதத்தில் முன்பு போல என்று எதுவும் இல்லை. அதனால் முழுசாக எழுதுகிறேன்.

நீ பேசி முடித்ததும் உன்னை வெளியே அனுப்பிவிட்டார்கள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று உன் வாப்பா உன்னை அழைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. ஆலையின் வக்கீல் உன் பதினாறு டிகிரித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு சின்னப் பெண்ணின் ஊகம் என்றார். விசாரணை அதிகாரி அந்தத் தாளை வாங்கி, தன் பேனாவால் ஒவ்வொரு வரியாகப் பதினாறு, பதினாறு என்று தொட்டுக்கொண்டே போனார். இரண்டு பக்கம் தொட்டார். பிறகு வக்கீலிடம், இது ஊகமென்றால் இரண்டாயிரத்து நானூறு முறை ஒரே விடை எப்படி வருகிறது என்று கேட்டார். வக்கீல் அடுத்த சாட்சியைக் கூப்பிடச் சொன்னார்.

அடுத்தது நான். கிழித்த நாட்களைச் சொன்னேன். கையை எடுத்ததையும் சொன்னேன். சுப்பிரமணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவுவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். இரும்பை ஏன் தட்டினாய், பயந்துவிட்டாயா என்று வக்கீல் கேட்டார்.

"நூறு மாறிச்சு, தட்னேன் சார். பயந்தவன் ஓடுவான். நான் தட்டிக்கினு நின்னேன்."

எப்படித் தட்டினாய் என்று அதிகாரி கேட்டார். அப்பாவு கையை மடக்கி மேஜையில் ஒரு முறை ஓங்கிக் குத்தினார். மேஜையிலிருந்த கண்ணாடித் தம்ளர் ஆடியது. வாசலில் நின்ற ப்யூன் உள்ளே எட்டிப் பார்த்தான். அதிகாரி அவனையும் பார்த்தார், தம்ளரையும் பார்த்தார், எழுதிக்கொண்டார்.

உத்தரவு போன வாரம் வந்தது. ஈர ஸ்க்ராப் என்ற வரியை அறிக்கையிலிருந்து நீக்கிவிட்டார்கள். விபத்துக்கு அப்பாவு பொறுப்பில்லை, குழியிலிருந்து ஆளை அகற்றிய நிர்வாகம் பொறுப்பு என்று எழுதியிருக்கிறது. திரை இருந்தாலும் குழியில் ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும். மணியம்மாள் அதை என்னிடம் இரண்டு முறை படிக்கச் சொன்னார். இரண்டாவது முறை பெயர் வரும் வரியை மட்டும்.

என் கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது. என் அப்பாவிடம் நான் கம்பெனி இன்ஜினியர் இல்லை, எப்போதும் இல்லை என்று சொன்னேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. உன்னை அந்தக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றும், ஆனால் உன் ஒரு பிட்டைப் புதிய சில்லில் சேர்த்துவிட்டார்கள், கோப்பில் வரதன் பெயரில் என்றும் போனில் சொன்னாய். உனக்குக் கோபம் வரவில்லை என்றாய். எனக்கு வருகிறது. உனக்கும் சேர்த்து நான் வைத்துக்கொள்கிறேன். நீ அடுத்த வேலையைத் தேடு. நானும் தேடுகிறேன்.

கடைசி நாள் கணக்கு முடிக்க ஆலைக்குப் போனேன். உலைக்குப் புதுச் சுவர் வைத்து மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்டோரில் அந்தக் கம்பி துருப்பிடித்துக் கிடந்தது. கேட்டேன், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. குழிப் படிக்கட்டில் அது மாட்டியிருந்த கொக்கி அப்படியே இருந்தது. மாட்டினேன். திரும்பி நடந்தவன், மறுபடி போய் எடுத்தேன்.

தண்டவாளத்தில் ஓங்கி ஒரு தட்டு. எண் எதுவும் சொல்லவில்லை. மேலே பானல் அறைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த புது ஆள் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான், அவன் கை ஏற்கெனவே சுவிட்சில் இருந்தது.

பார்த்திபன்